வார்டு வாசலில் நிற்கும் அப்பா

மாலை நான்கு மணிக்கு எங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் கதவு பார்வையாளர்களுக்குத் திறக்கும். அதுவரை சுவரில் சாய்ந்தும் மாடிப்படியில் அமர்ந்தும் காத்திருப்போரில் பெரும்பாலோர் தந்தையர். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். மறு கையில் மருந்துச் சீட்டும், பாலித்தீன் உறைக்குள் குடும்ப அட்டையின் நகலும் இருக்கும். உள்ளே வந்ததும் அவர்கள் செவிலியரிடம் கேட்பது, "வேற ஏதும் வாங்கணுமா சிஸ்டர்?" என்பதுதான். பிறகு மனைவியுடன் பணக் கணக்கு. கட்டிலருகே ஐந்து நிமிடம் நின்று, குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, ரத்த வங்கிக்கோ காப்பீட்டுப் பிரிவுக்கோ புறப்பட்டுவிடுவார்கள். பல ஆண்டுகளாக இதைப் பார்த்துவரும் நாங்கள், இதில் குறையொன்றும் இருப்பதாக நினைத்ததில்லை. அப்படி நினையாமல் இருந்தது பிழை என்று இப்போது கருதுகிறோம். அந்தப் பிழையில் பெரும்பங்கு எங்களுடையது என்பதால், இந்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

எங்கள் கண்களைத் திறந்தவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பெற்றோரின் இசைவோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவளைப் பற்றிச் சொல்கிறோம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் அவளுடையது. தந்தை பாத்திரக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் கால்வலியும் வெளுத்துப்போன முகமுமாக வந்தவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று பரிசோதனையில் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் வகை அது; முறையான சிகிச்சையால் பெரும்பாலான குழந்தைகளைக் குணப்படுத்தக்கூடிய வகையும்கூட. ஆனால் சிகிச்சை நீண்டது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகும்.

முதல் மூன்று வாரங்கள் அவள் ஏறக்குறைய பேசவே இல்லை. ஊசிக்கு அழுதாள், மற்ற நேரங்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகில் ஊசி போட வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, செவிலியர் ஒருவர் தாளும் வண்ணக் குச்சிகளும் கொடுத்தார். அவள் வரைந்தது ரயில். பெட்டிகள் தாளுக்குள் அடங்கவில்லை என்பதால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் தொடர்ந்தாள். முகப்பில் 12636 என்று எழுதினாள். அது என்ன எண் என்று கேட்டார் செவிலியர். "வைகை. காலையில மெட்ராஸ் போறப்ப இந்த நம்பர். ராத்திரி திரும்பி வரப்ப 12635." யார் சொல்லித் தந்தது? "அப்பா." சற்று நேரம் கழித்து, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இப்ப அப்பா வண்டி பத்திப் பேச மாட்டாங்க. ரயில்வே கேட்டுல போய் நின்னதாலதான் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு."

மறுநாள் அவள் தந்தையை அழைத்து உட்காரவைத்துப் பேசினோம். முதலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னதன் சுருக்கம் இது. பள்ளிவிட்டு வந்ததும் மகளைச் சைக்கிளில் முன்கம்பியில் உட்காரவைத்து ரயில்வே கேட்டுக்கு அழைத்துப் போவது அவருடைய வழக்கம். அவளுக்கு மூன்று வயதானபோது தொடங்கியது. கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதனடியில் நிற்பார்கள். எதிரே வரும் வண்டியின் எஞ்சினில் எழுதியிருப்பதைக் கொண்டு அது எதற்கானது என்று சொல்வது அவர்களுக்குள் விளையாட்டு. டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஏ என்றால் மேலே செல்லும் மின்கம்பியின் மாறுதிசை மின்சாரம், பி என்றால் பயணிகள் வண்டி, ஜி என்றால் சரக்கு. ஆங்கில எழுத்துகளில் அவள் முதலில் கற்றவை இந்த நான்குதானாம். 2010 டிசம்பரில் வண்டி எண்கள் நான்கு இலக்கத்திலிருந்து ஐந்தாக மாறியதும், எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தே வண்டியின் வகையை ஓரளவு சொல்லிவிடலாம் என்பதும் அவளுக்கு மனப்பாடம். சுழியத்தில் தொடங்கினால் சிறப்பு வண்டி. ஒன்றும் இரண்டும் நெடுந்தொலைவு வண்டிகள். வைகை முதன்முதலாக ஓடியது 1977 ஆகஸ்டு 15 அன்று. "எங்கப்பாவை எங்க தாத்தா அதுல கூட்டிட்டுப் போனாராம் சார்," என்று சொல்லும்போது மட்டும் அவர் முகம் சற்று மலர்ந்தது.

பாம்பன் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, மகளை அழைத்துப்போய்க் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் என்று சொன்னதை அவள் நம்பவில்லை. அதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிட்டது.

நோய் தெரிந்த வாரத்தில் உறவினர் ஒருவர் வந்து, "பிள்ளையைத் தினம் வெயில்லயும் புழுதியிலயும் நிக்கவச்ச, அதான்" என்று சொல்லியிருக்கிறார். கட்டிலில் கிடந்த குழந்தையின் காதிலும் அது விழுந்திருக்கிறது. அன்று முதல் தந்தை ரயிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. குற்ற உணர்ச்சி. மகளும் கேட்கவில்லை. தன்னால்தான் அப்பாவுக்கு இத்தனை அலைச்சல், இத்தனை செலவு, ஆகவே அப்பாவுக்குக் கோபம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆறேழு வயதில் குழந்தைகள் நோயைத் தாங்கள் செய்த ஏதோ ஒரு தவற்றுக்குக் கிடைத்த தண்டனையாக எண்ணிக்கொள்வது இயல்பு. அதைப் பெரியவர்கள் வாய்விட்டு மறுக்காவிட்டால், அந்த எண்ணம் அப்படியே தங்கிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் இந்தப் பேச்சு எங்கள் வார்டில் மாதம் ஒருமுறையாவது எழுகிறது. இந்த நோய் வெயிலால் வருவதில்லை. புழுதியால், பயத்தால், கண்ணேறால், தின்ற பண்டத்தால் வருவதில்லை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகும்போது அவற்றில் நேரும் மாற்றத்தால் வருவது. பெரும்பாலான குழந்தைகளில் அந்த மாற்றத்துக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட இயலாது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. பார்க்க வருகிற உறவினர்கள் இதை அறிந்துகொண்டு கட்டிலருகே வந்தால் நல்லது. அறியாவிட்டால் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு மௌனமாக இருந்தாலும் போதும்.

அன்று மாலை அந்தத் தந்தை கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேரடியாக நோயைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தோம். அவர் அப்படிச் செய்யவில்லை. "தாயி, நேத்து ராத்திரி வைகை நாப்பது நிமிசம் லேட்டு," என்றார். அவள் திரும்பிப் படுத்தாள். "ஏன்?" என்றாள். காரணம் அவருக்கும் தெரியவில்லை. எங்கே நின்றிருக்கும், எந்த வண்டிக்கு வழிவிட்டிருக்கும் என்று இருவரும் வாதிட்டார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது அவர்கள் திண்டுக்கல்லையே தாண்டியிருக்கவில்லை. நாங்கள் அவரை வெளியே அனுப்பினோம். விதி அப்படி. அனுப்பியபின் எங்களில் சிலருக்கு அன்று முழுவதும் மனம் சரியில்லை.

அந்த விதியைப் பற்றித்தான் எங்கள் கருத்து. ஒரு குழந்தைக்கு ஒரு துணையாளர் பாஸ், அது தாய்க்கு. தாய் இல்லையென்றால் பாட்டிக்கு, அத்தைக்கு, சித்திக்கு. தந்தைக்கு மாலை இரண்டு மணி நேரம். எங்கள் பதிவேட்டிலேயே 'உடனிருக்கும் தாயின் பெயர்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தாய் கவனிப்பார், தந்தை சம்பாதிப்பார் என்று வெளியுலகம் வைத்திருக்கும் பிரிவினையை, ஒரு கேள்வியும் கேட்காமல் வார்டுக்குள் கொண்டுவந்து விட்டோம்.

மருத்துவமனைகள் தாயைக்கூட எளிதில் உள்ளே விட்டவை அல்ல. 1950களின் இங்கிலாந்தில், நோயுற்ற குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதே பல இடங்களில் நடைமுறை. பெற்றோர் வந்தால் குழந்தை அழும், வராவிட்டால் பழகிவிடும் என்பது அன்றைய வாதம். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், சிறிய அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்துக் காட்டினார். அமைதியாகிவிட்ட குழந்தை பழகிவிட்ட குழந்தையன்று, நம்பிக்கை இழந்த குழந்தை என்பதை மருத்துவ உலகம் முதலில் ஏற்க மறுத்தது. 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளுடன் தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையின் நற்பயன்தான் இன்று தாயின் கையிலிருக்கும் பாஸ். தந்தைவரை அது இன்னும் வந்துசேரவில்லை என்பது எங்கள் கணிப்பு. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்று, 1992இல் இந்தியாவும் இணைந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு, வளர்ப்பில் பெற்றோர் இருவருக்கும் பொதுப் பொறுப்பு உண்டு என்கிறது. 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. நோயுற்ற குழந்தைக்கு இவை பொருந்தா என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மருத்துவமனையை மட்டும் குறைசொல்லி முடித்துவிடவும் முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான விதிகளில், குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள்வரை பெண் ஊழியர்களுக்கு உண்டு. ஆண்களில், துணையின்றித் தனியே குழந்தையை வளர்க்கும் தந்தைக்கு மட்டும் உண்டு. மனைவி உடனிருக்கும் தந்தையின் குழந்தை இரண்டாண்டு சிகிச்சையில் இருந்தாலும் அவருக்கு இல்லை. அரசு ஊழியருக்கே இப்படியென்றால், பாத்திரக் கடைத் தொழிலாளியின் நிலை சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் கூலி போயிற்று. ஆகவே தந்தையர் பகல் முழுதும் வார்டில் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை முடிந்து இரவு எட்டரைக்கு வந்து நிற்பவரிடம், "நேரம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லாதிருக்க வேண்டும் என்கிறோம்.

இதற்கு எதிரான வாதங்கள் வலுவானவை. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. இரவில் தாய்மார்கள் உறங்கும் கூடத்தில் ஆண்கள் நடமாடுவது அவர்களுக்குச் சங்கடம். பாலூட்டுபவர் இருப்பார், உடை மாற்ற வேண்டியிருக்கும். பத்துக் கட்டிலுக்குப் பத்துத் தந்தையர் கூடினால் நெரிசலும் தொற்றும் பெருகும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு, மற்றவருக்கு எளிய சளிக்காய்ச்சலும் ஆபத்தாகலாம். இவற்றுக்கெல்லாம் திரைச்சீலை, கைகழுவும் தொட்டி, முறைவைத்து அனுப்புவது என்று விடைகள் உண்டு. அந்த விடைகளைத் தேட நாங்கள் இதுவரை மெனக்கெடவில்லை என்பதே உண்மை.

இனி தந்தையரிடம் சில சொற்கள். மகளோடு உங்களுக்கென்று இருந்த ஒன்றை, அது எதுவாயினும், நோய் வந்ததும் வீட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாருக்கும் ரயில் இருக்காது. எங்கள் வார்டில் ஒருவர் தையற்காரர். வெட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து, எது பருத்தி, எது பாலியெஸ்டர் என்று கண்ணை மூடித் தொட்டுச் சொல்லும் ஆட்டத்தை மகளோடு தொடர்ந்தார். துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவரச் சொன்னது மட்டுமே எங்கள் வேலை. இன்னொருவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். தினமும் இரவு இருவரும் கைப்பேசியில் சேர்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தவறுவது எப்போதும் தந்தைதான். மகள் நலமாக இருந்தபோதும் அப்படித்தானாம்.

விலையுயர்ந்த பொம்மை இந்த இடத்தை நிரப்பாது. நோய் வந்தபின் திடீரென்று பொம்மைகள் குவிந்தால், ஏழு வயதுக் குழந்தை அதிலிருந்து வேறு பொருள் எடுத்துக்கொள்ளக்கூடும்: தனக்கு ஏதோ பெரிதாக நேர்ந்துவிட்டது என்று. கைப்பேசியில் படத்தைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு நகர்வதும் அப்படியே. ஊசி போடும் வேளையில் அது உதவும், மறுக்கவில்லை. நாங்களே கேட்டு வாங்கி ஓடவிடுகிறோம். ஆனால் அது உங்கள் இருவருக்கும் பொதுவானதன்று.

எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள ஒன்றையும் சொல்கிறோம். "மாத்திரையை முழுங்கினா வண்டிக் கதை சொல்றேன்" என்று பேரம் பேசலாமா? சிலர் பலனளிக்கும் என்கிறார்கள். பெரும்பான்மையோரின் முடிவு, கூடாது என்பது. பேரப்பொருளாகிவிட்டால் ரயிலும் சிகிச்சையின் பகுதியாகிவிடும். பிறகு மாத்திரையை வெறுக்கும் குழந்தை அதையும் வெறுக்கத் தொடங்கும். ஸ்டீராய்டு கொடுக்கப்படும் வாரங்களில் பசியும் எரிச்சலும் கூடிய குழந்தை, அப்பாவின் பேச்சையும் சேர்த்து உதறிவிடும். உதறினால் உதறட்டும், மறுநாள் மறுபடியும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருங்கள்.

குழந்தை தானாகவே இரண்டையும் இணைத்தால் அது வேறு. அந்தச் சிறுமி அப்படிச் செய்தாள். வீட்டிலேயே மருந்து உட்கொள்ளும் கட்டத்துக்கு வந்தபோது, அவளுக்கு இரண்டு மாத்திரைகள் தரப்பட்டன. மெர்கேப்டோபியூரின் நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள். இந்த இரண்டாவது மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிடுவது மிகுந்த ஆபத்தை விளைவிக்கும் பிழை. உலகெங்கும் மருத்துவமனைகள் எச்சரித்து வருவது. நாங்களும் சிவப்பு மையால் எழுதி, மூன்றுமுறை விளக்கி அனுப்புகிறோம். அவள் கேட்டுவிட்டுத் தந்தையிடம் திரும்பி, "அப்பா, இது டெய்லி வண்டி. அது வீக்லி வண்டி," என்றாள். வாராந்திர வண்டிக்கு வெள்ளிக்கிழமை என்று அவளே நாள் குறித்தாள், மருத்துவர் ஒப்புக்கொண்டார். அந்த வீட்டில் இதுவரை வண்டி மாறவில்லை.

வீடு திரும்பிய பின் மீண்டும் கேட்டுக்குப் போகலாமா என்று அவள் தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்கிறபடி செய்யச் சொன்னோம். அணுக்கள் சரியாக உள்ள நாளில், கூட்டமில்லாத நேரத்தில், கேட்டுக்கு வெளியே, அதே மரத்தடியில். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் இரவா பகலா என்று பாராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும் சொன்னோம். இது அவருக்கு மட்டும் சொன்னதன்று. இந்தச் சிகிச்சையில் உள்ள குழந்தைகளின் எல்லாப் பெற்றோருக்கும்.

ரயிலில் வந்துபோகும் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. சிலீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுச் சலுகை. உரிய படிவத்தில் மருத்துவரின் சான்று வேண்டும். படிவம் எங்கள் புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும். அந்தத் தந்தை நான்கு மாதம் முழுக் கட்டணம் கொடுத்துப் பயணம் செய்தபின்தான் இதை எங்களிடம் கேட்டறிந்தார். ரயிலைப் பற்றி அத்தனையும் அறிந்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை; நாங்களும் சொல்லத் தவறிவிட்டோம்.

நிர்வாகத்திடம் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரவு எட்டு முதல் ஒன்பது வரை, முறைவைத்து, தந்தையருக்குத் தனிநேரம். கட்டில்களுக்கிடையே இழுத்துவிடக்கூடிய திரை. பதிவேட்டில் 'தாயின் பெயர்' என்றிருப்பதை 'உடனிருப்போர்' என்று மாற்றுவது. மூன்றாவதற்கு உடனே இசைவு கிடைத்துவிட்டது, செலவில்லாதது ஆதலால். முதல் கோரிக்கையைப் பற்றி முடிவெடுக்கும் முன், இரவில் வார்டில் தங்கும் தாய்மார்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது நிர்வாகம். அது நியாயம். செவிலியர் மேசையில் இதற்கென ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வேண்டாம் என்று நினைப்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு ரயில் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு வந்தவள் வரைந்தது. இம்முறை பெட்டிகள் குறைவு. நடுவில் ஒரு பாலம் மேலே எழும்பி நிற்கிறது.